மேரி ஆன்ட்டியின் தகட்டுப் பலகை

மழை வருமா என்று எங்கள் சந்தில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. மேரி ஆன்ட்டியின் கழுத்தைப் பார்ப்போம். அதில் விசில் தொங்கினால் வரும். தொங்காவிட்டாலும் வரலாம், ஆனால் அது மேரி ஆன்ட்டியைக் கேட்காமல் வந்த மழை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

சந்து இருப்பது பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. ஒற்றை அறை வீடுகள் எட்டு, ஆட்கள் இருபத்து மூன்று. சந்தின் வாயை ஒட்டி ராஜகாலுவே ஓடுகிறது. பெயரில்தான் ராஜா, மற்றபடி பெரிய சாக்கடை. கோடையில் நாய்கூட நனையாமல் தாண்டிவிடும். ஆனால் மேல் பக்கத்து லேஅவுட்களில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும். எங்கள் தலையில் ஒரு சொட்டு விழாமலே அது எழுந்து நின்று உள்ளே வந்துவிடும். பின்பக்கம் காலி மனை. ஆளுயரப் புல். பிப்ரவரியில் காய்ந்து சரசரக்க ஆரம்பித்ததும் யாராவது வந்து குப்பையைக் கொளுத்திவிட்டுப் போவார்கள். ஆக, மூன்று மாதம் நெருப்புக்கும் ஏழெட்டு மாதம் தண்ணீருக்கும் பயப்பட வேண்டும். மீதி நாள் விடுமுறை.

மேரி ஆன்ட்டிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. முழுப் பெயர் ஆரோக்கியமேரி, வயது ஐம்பத்து நான்கு, பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர், பிறகு புருஷனும். சுரங்கத்தை மூடியதும் ஆன்ட்டி விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து போய் கார்மென்ட்ஸ் வேலை பார்த்தார். புருஷன் இறந்தபின் இங்கேயே வீடு பிடித்துவிட்டார். ஒரே மகன் டிரேவர் ஓசூரில் இருக்கிறார். ஆன்ட்டி இப்போது அதே கார்மென்ட்ஸில் செக்கர். தைத்து வரும் சட்டையை விரலால் தடவிப் பார்த்தே எங்கே ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வார். எங்களையும் அப்படித்தான் தடவிப் பார்ப்பார், கண்ணால்.

அவருடைய ஏற்பாடுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. ஜனவரியிலேயே கதிர் அரிவாள் எடுத்துக்கொண்டு காலி மனையில் எங்கள் சுவரை ஒட்டி எட்டடி அகலத்துக்குப் புல்லை அறுத்துத் தரையை மொட்டையாக்கிவிடுவார். காலி பெயின்ட் பக்கெட்டுகளில் மணல். ராஜகாலுவேயின் சுவரில் மூன்று கோடுகள்: வெள்ளைக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் விசில் கழுத்துக்கு வரும், மஞ்சளைத் தொட்டால் அரிசி பரணுக்குப் போகும், சிவப்பைத் தொட்டால் ஊதுவார், நாங்கள் ஓட வேண்டும். எல்லோருடைய ஆதார் அட்டை, ரேஷன் அட்டையெல்லாம் ஊறுகாய் பாட்டில்களில் அடைத்து மூடி இறுக்கியிருக்கிறார். என் பத்தாவது மார்க் ஷீட்டும் அதில் பத்திரமாக இருக்கிறது. அது மட்டுமாவது மூழ்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே, தகட்டுப் பலகை.

சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்ட பித்தளை வில்லை உண்டாம். மேலே வந்ததும் பலகையில் அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். எந்த ஆணி காலியோ அந்த ஆள் இன்னும் உள்ளே. கீழே பாறை வெடித்த நாள்களில் பெண்டு பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பார்களாம். எட்டு வயதில் மேரி ஆன்ட்டியும் நின்றிருக்கிறார், காலை பத்து மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை, அப்பாவின் ஆணியைப் பார்த்துக்கொண்டு.

"வந்தவங்க மூஞ்சியப் பாத்தா போதாதா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"புழுதியில எல்லாம் ஒரே மூஞ்சிடீ. அழுவுற கண்ணுக்கு எவனப் பாத்தாலும் அப்பன் மாதிரியே தெரியும். எங்கப்பா சொல்லுவாரு, மூஞ்சிய எண்ணாத, வில்லைய எண்ணுன்னு."

எங்களுக்குப் பித்தளை இல்லை. எண்ணெய் டின்னை வெட்டி இருபத்து மூன்று தகடு செய்தார். ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி நம்பர் போட்டது நான். என் நம்பர் ஒன்பது. வீட்டில் இருக்கும்போதும் தகடு கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், விசில் கேட்டால் எடுத்துக்கொண்டு ஓடி மாட்ட வேண்டும்.

பலகையை முதலில் எங்கே மாட்டினார் தெரியுமா? சந்தின் வாயில். சுரங்கத்தில் வாயில்தானே இருக்கும். ஏப்ரலில் முதல் தண்ணீர் வந்தபோது விசில் ஊதினார். இருபத்திரண்டு பேரும் சொன்ன பேச்சைக் கேட்டு, தகடும் கையுமாக ஓடி, ராஜகாலுவேக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் வரிசையில் நின்றோம். நடந்துபோன ஒருவர் எங்களைப் பார்த்து, எதற்கு க்யூ என்று கன்னடத்தில் விசாரித்துவிட்டுப் போனார்.

"ஆன்ட்டி," என்றேன், "சுரங்கத்துல வாய்தான் மேல. இங்க வாய்தான் பள்ளம்."

அவர் தண்ணீரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "வாய மூடு," என்றார். மறுநாள் பலகை சந்தின் மேட்டுக் கடைசியில் இருக்கும் ஒரே மாடி வீட்டின் மொட்டைமாடிக்குப் போய்விட்டது.

இருபத்து மூன்றில் ஒருத்தர் குறைகிறாரே என்று கேட்டால், அது ரத்தினம்மா. குடியாத்தத்துக்காரர், அறுபத்தைந்து இருக்கும், தனி ஆள். வாயை ஒட்டிய முதல் வீட்டில் இஸ்திரி போடுகிறார். எதிர் அப்பார்ட்மென்ட் துணியெல்லாம் அவரிடம்தான் வரும். இன்னும் கரிப்பெட்டிதான். இரண்டு முட்டியும் போய்விட்டதால் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். வாய்க்கு மட்டும் எந்தப் பிடிமானமும் தேவையில்லை.

இருவரும் முன்பு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மார்ச்சில் காலி மனை பற்றி எரிந்தது. மேரி ஆன்ட்டி அறுத்து வைத்த மொட்டைத் தரை வரை வந்த நெருப்பு, தின்ன ஒன்றும் இல்லாமல் அங்கேயே படுத்துவிட்டது. எல்லோரும் கை தட்டினோம். அந்தச் சூட்டோடு ஆன்ட்டி எல்லோர் முன்னாலும், "ரத்தினம், உன் கரிச்சாம்பல எங்க கொட்டுன?" என்று கேட்டுவிட்டார். ரத்தினம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இருபத்து மூன்றாம் நம்பர் தகட்டை ஆன்ட்டி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நெருப்பு வெக்கிறவளுக்கு இன்னாத்துக்கு நம்பரு? போலீஸ்ல குடுப்பாங்க, அங்க வாங்கிக்கிறேன்," என்றார். ஆன்ட்டி தகட்டை அவர் வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினொரு மணிக்கு ஒத்திகை. எல்லா ஆணியும் நிறையாமல் ஆன்ட்டி விடமாட்டார். மே மாத வெயில், மொட்டைமாடி, கீழே அடுப்பில் கறி. காலியாக இருப்பது அந்த ஒரே ஆணி.

"மேரியக்கா, ஆயித்துக்கா, முடிச்சிக்கலாம். குக்கர் அடிபுடிச்சிடும்," என்பார் பெயின்டர் கோவிந்தன்.

"இருபத்தி மூணு உள்ள கீது கோவிந்தா."

"உள்ள இல்லக்கா, வாசல்ல குந்திக்கினு நம்மளப் பாத்து வெத்தல போட்டுக்கினு கீது!"

ஆன்ட்டி அரை மணி நேரம் காத்திருப்பார். பிறகு படியிறங்குவார். அவர் முதுகைப் பார்த்தால் எட்டு வயசுப் பெண் மாதிரி இருக்கும். ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. எனக்கும் பசித்தது, அவ்வளவுதான். வெட்டிய டின் மிச்சம் என்னிடம் இருந்தது. நம்பர் குத்தியவளும் நானே. இன்னொரு இருபத்து மூன்றாம் நம்பர் தகடு செய்ய ஐந்து நிமிடம் ஆனது. அடுத்த ஞாயிறு, ஆன்ட்டி கீழே விசில் ஊதிக்கொண்டிருக்கும்போதே மாட்டிவிட்டேன்.

கடைசி ஆளாக மேலே வந்தார். பலகையைப் பார்த்தார். விசில் வாயிலிருந்து விழுந்தது.

"ரத்தினம் வந்துச்சா?"

"நீங்க ஊதுறதுக்கு முந்தியே வந்து மாட்டிட்டுப் போய்ட்டாங்க ஆன்ட்டி. உங்க மூஞ்சியப் பாக்க இஷ்டமில்லையாம்." பொய் நம்பும்படி இருக்க, அதில் கொஞ்சம் திட்டு கலக்க வேண்டும்.

"அந்த முட்டிய வெச்சிக்கினா இத்தினி படி ஏறுச்சு?"

விளக்கேற்றியது போலிருந்த முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிந்தன் குக்கரைப் பார்க்க ஓடினார். நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடி விழும். அதற்கு நான் பழகியவள். அந்த முகத்தை அணைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரு டிஃபன் பாக்ஸ் கொடுத்தார். ஆட்டுக்கால் சூப், மிளகு தூக்கலாக. "முட்டிக்கு நல்லது. ரத்தினத்துக்கிட்டக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத, கொட்டிடும்."

ரத்தினம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "யாரு வெச்சது?"

"எங்கம்மா."

"உங்கம்மாவுக்கு சுடுதண்ணி வெக்கவே வராதே?"

"புதுசா கத்துக்கினாங்க."

குடித்தார். மூன்று ஞாயிறு மூன்று பாக்ஸ். வழியில் நான் எடுத்துக்கொண்டது ஆளுக்குத் தெரியாத அளவுதான். என் ஒன்பதையும் அந்த இருபத்து மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்து வைத்துக்கொண்டேன். ஒத்திகை என்றால் கை தானாக இரண்டையும் மாட்டும்.

நாலாவது ஞாயிறு ஒத்திகை பதினொன்றேகாலுக்கே முடிந்தது. மூன்றரை மணிக்கு மறுபடி விசில்.

வெயில் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவே. "இந்தம்மாவுக்குப் பொழுது போவல," என்று எங்கம்மா புரண்டு படுத்தார். விசில் நிற்கவில்லை. ஒத்திகையில் மூன்று முறை விட்டு விட்டு ஊதுவார். இது மூச்சு விடாமல் வந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் ராஜகாலுவே சிவப்புக் கோட்டைத் தின்றுவிட்டுச் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. பழுப்புத் தண்ணீர், முன்னால் செருப்புகள், தெர்மாகோல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிறகுதான் எங்கள் தலைமேல் மழை கொட்டியது.

எல்லோரும் ஓடினோம். மொட்டைமாடியில் ஒரே நெரிசல். பாதிப் பேர் படிக்கட்டுக் கூரையின் கீழ், மீதிப் பேர் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. ஓடி வந்த வேகத்தில் தகடுகளை மாட்டினோம். ஆன்ட்டி கடைசியாக வந்து தன் தகட்டை மாட்டிவிட்டு, ஒவ்வொரு ஆணியாகத் தொட்டு எண்ணினார்.

"இருபத்தி மூணு. ஸ்தோத்திரம்பா, எல்லாரும் வந்தாச்சு." ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரத்தினம்மா எங்க காணோம்?" என்றார் எங்கம்மா.

"வில்ல தொங்குதே. தண்ணித் தொட்டிக்குப் பின்னால குந்தினு இருக்கும், என் மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு. உடு, நனையட்டும், வரும்."

அது நான் குத்தியது. கயிற்றிலிருந்து எப்போது கழற்றினேன், எப்போது மாட்டினேன் என்றே தெரியவில்லை. கை மாட்டியிருந்தது. தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு பூனை இருந்தது.

திரும்பி வந்து அந்தத் தகட்டைப் பிடுங்கி ஆன்ட்டியின் மடியில் போட்டேன்.

"இது நான் செஞ்சது ஆன்ட்டி. அவங்க வரல. ஒரு நாளும் வரல."

தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"நாலு வாரமா?"

"நாலு வாரமா."

"அப்ப சூப்பு?"

"அத அவங்கதான் குடிச்சாங்க. சத்தியமா."

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். எழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்தார். "கோவிந்தா, வா. நீயும் வாடீ. நீ குத்துன நம்பரு, நீயே வந்து தூக்கு."

கயிற்றின் ஒரு நுனியைப் படிக்கட்டுக் கம்பியில் கட்டிவிட்டு இறங்கினோம். மேட்டில் முட்டி வரை இருந்த தண்ணீர், பள்ளத்தில் இடுப்புக்கு வந்தது. ரத்தினம்மா வீட்டுக் கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. கோவிந்தன் தோளால் இடித்துத் திறந்தார்.

உள்ளே ரத்தினம்மா இஸ்திரி மேசைமேல், தலை கூரையில் இடிக்க, குந்தியிருந்தார். மடியில், தோளில், தலையில் துணி மூட்டைகள். மேசையின் காலைத் தண்ணீர் ஆட்டிக்கொண்டிருந்தது.

"ரத்தினம், எறங்கு!"

"மொதல்ல துணி!"

"துணிக்கெல்லாம் நம்பர் கெடையாது, எறங்குடீ!"

"ஏன் கெடையாது? இதோ பாரு. பி இருநூத்தி நாலு. சி முந்நூத்தி ஒண்ணு. எட்டு மூட்ட. எல்லாத்துக்கும் நானே எழுதி வெச்சிக்கிறேன். ஒண்ணு கொறஞ்சாலும் நாளைக்கு எவ மூஞ்சில முழிப்பேன்?"

மேரி ஆன்ட்டி ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "குடு," என்று கையை நீட்டினார். நான்கு மூட்டை அவர் தலையிலும் தோளிலும், நான்கு என் தலையில். எனக்குக் கிடைத்ததில் ஒன்று யாருடையதோ பட்டுப்புடவை. கோவிந்தன் குனிய, ரத்தினம்மா அவர் முதுகில் ஏறினார்.

இடுப்புத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தோம். நடுவழியில், மூட்டைகளுக்கு அடியிலிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது. "அன்னிக்கு நீ வெச்ச நெருப்பு இல்ல. தெரியும்."

"எப்போ தெரியும்?" என்றார் ரத்தினம்மா, கோவிந்தனின் முதுகிலிருந்து.

"மறுநாளே. உன் சாம்பல் தொட்டி ரெண்டு நாளா காலி பண்ணாம கெடந்துச்சு."

"இத்தினி மாசமா வாயில கொழுக்கட்டையா?"

"நீதான் கதவச் சாத்திக்கின."

"தட்ட வேண்டியதுதானே?"

"தட்டினா தொறந்திருப்பியா?"

"மாட்டேன்!"

"அக்கா, ரெண்டு பேரும் மேல போய் சண்ட போடுங்க," என்றார் கோவிந்தன், மூச்சு வாங்கியபடி. "என் காது ரெண்டும் இவங்க கையில கீது."

மேலே ஏறியதும் முதலில் ரத்தினம்மா மூட்டைகளை எண்ணினார். எட்டும் இருந்தன; ஒன்றின் ஓரம் மட்டும் நனைந்திருந்தது, அதற்கு என்னை முறைத்தார். மேரி ஆன்ட்டி போய்ப் பலகைக்கு முன்னால் நின்றார். இருபத்து இரண்டு தகடுகள் மழையில் டிக் டிக் என்று ஆடிக்கொண்டிருந்தன. ஓர் ஆணி காலி.

"உன் வில்ல எங்க?"

"எது, அந்த டின்னா? இஸ்திரிப் பெட்டியோட கொக்கி ஒடஞ்சிடுச்சு, அந்த டின்னத்தான் வளைச்சு மாட்டியிருந்தேன். பெட்டி தண்ணில போச்சு." ரத்தினம்மா சேலையைப் பிழிந்தார். "அதான் முழு ஆளா எதிர்ல நிக்கிறேனே, அப்புறம் இன்னா?"

ஆன்ட்டி நகரவில்லை. நான் செய்த பொய்த் தகடு அவர் கையில்தான் இருந்தது. அதை மாட்டினால் பலகை நிறைந்துவிடும். மாட்டுவார் என்றுதான் நானும் நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீசினார்; தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எங்கம்மாவின் தலையில் கை வைத்தார். "ஒண்ணு." கோவிந்தன் தலையில் வைத்தார். "ரெண்டு." தார்ப்பாயின் கீழ் புகுந்து, படிக்கட்டுக் கூரையின் கீழ் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் உச்சியிலும் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு முகத்தையும் நன்றாகப் பார்த்து. என் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். கை கொஞ்சம் பலமாகவே விழுந்தது. ஆனால் உடனே எடுக்கவில்லை. தன் தலையில் தானே தட்டிக்கொண்டு, "இருபத்தி ரெண்டு" என்றார்.

கடைசியில் ரத்தினம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். ஈரத்தில் ஒட்டியிருந்த அந்த நரைத்த தலையில் இரண்டு கையையும் வைத்தார். எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார்; வரவில்லை.

ரத்தினம்மா கண்ணில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தி மூணு," என்று அவரே சொன்னார். "சொல்லிட்டேன். கைய எடு மேரி, கழுத்து வலிக்குது."

ஆன்ட்டி எடுக்கவில்லை.